கிளிப் போட்ட பல்லில் ஈறு வீக்கம், ரத்தம்: அவசரம்

வண்ணார்பேட்டை அம்மா
மகளுக்குப் பல் கிளிப் போட்டிருக்கிறோம். ஒரு வாரமாக ஈறு வீங்கியிருக்கிறது, பிரஷ் பட்டாலே ரத்தம். பல்லில் வெள்ளை வெள்ளையாக வேறு தெரிகிறது. கிளிப் ஒத்துக்கொள்ளவில்லையா? கழற்றிவிடலாமா? டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

தென்காசி சாரல்
அக்கா, பிள்ளைக்கு என்ன வயசு? கழற்றி மாட்டும் கிளிப்பா, பல்லிலேயே ஒட்டிய கம்பியா? போட்டு எத்தனை மாதம்? வீக்கம் வாய் முழுக்கவா, ஒரே இடத்திலா?

அம்பை அண்ணாச்சி
நிக்கல் ஒவ்வாமைதான் அம்மா. இந்தக் கம்பிகளில் நிக்கல் உண்டு. என் தங்கச்சி மகளுக்குக் கவரிங் கம்மல் போட்டாலே காது புண்ணாகிவிடும். உடனே கழற்றச் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில் ராசா
வெள்ளைக்குக் காரணம் தண்ணீர். போர் தண்ணீரில் ஃபுளோரைடு கூடினால் பல்லில் அப்படித்தான் வரும்.

பொருநைக்கரை
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். பழைய இழைகளைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. சரி, மறுபடியும் எழுதுகிறேன். ஃபுளோரைடு கறை, பல் முளைக்கும் முன்பே தாடைக்குள் உருவாகும் வயதில் வருவது. கிளிப் போட்டபின் புதிதாக வந்த வெள்ளை அது இல்லை. பிராக்கெட்டை, அதாவது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டைச் சுற்றி அழுக்கு தங்கி, கிருமிகள் விடும் அமிலம் பல்லின் மேல் உறையான எனாமலின் சத்தை உறிஞ்சிய தடம் அது. சரியாகத் தேய்க்காவிட்டால் ஒரு மாதத்திலேயே தெரிய ஆரம்பிக்கும். கிளிப்பைக் குறை சொல்லாதீர்கள், தேய்ப்பதைப் பாருங்கள்.

வண்ணார்பேட்டை அம்மா
வயது 14. ஒட்டியதுதான், ஏழு மாதம் ஆகிறது. வீக்கம் கீழே வலது கடைவாயில், வளையம் மாட்டிய பல்லில் மட்டும். வெள்ளை மேலே முன்பல்லில். ரத்தம் வருகிறதே என்று ஐந்து நாளாகப் பிரஷ் வைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

தென்காசி சாரல்
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா! ரத்தம் வருகிற இடத்தைத்தான் விடாமல் தேய்க்க வேண்டும், மெத்தென்ற பிரஷ்ஷால். கம்பிக்கு மேலே சாய்த்து ஒரு முறை, கீழே சாய்த்து ஒரு முறை. கம்பிக்கு அடியில் நுழைக்க, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரியே குட்டியாக ஒன்று மருந்துக் கடையில் கிடைக்கும். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை நீங்களாக வாங்கி வாரக்கணக்கில் ஊற்றாதீர்கள், பல்லில் பழுப்புக் கறை ஏறும்.
என் மகனுக்கு நான் கவனிக்காமல் விட்டேன். கம்பி எடுத்த அன்று பார்த்தால், பிராக்கெட் இருந்த இடம் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று இருக்கிறது, சுற்றிலும் சாக்பீஸ் தேய்த்த மாதிரி வெள்ளை. மூன்று வருஷம் ஆயிற்று, கொஞ்சம் மங்கியிருக்கிறது, போகவில்லை.

அம்பை அண்ணாச்சி
ஒரு பல்லில் மட்டும் என்றால் நான் சொன்னது பொருந்தாது. ஒவ்வாமை என்றால் கம்பி படுகிற இடமெல்லாம் காட்டும். கழற்ற வேண்டாம் அம்மா.

பேட்டை மதினி
பொங்கலுக்கு என்ன சாப்பிட்டாள்? பனங்கிழங்கா?

வண்ணார்பேட்டை அம்மா
ஆமாம். கரும்பு வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கிழங்கு அவித்தது, மெதுவாகத்தானே இருக்கும் என்று கொடுத்தேன்.

பேட்டை மதினி
கிழங்கு மெதுவு, நார் மெதுவில்லை. வளையத்துக்கும் ஈறுக்கும் நடுவே போனால் பிரஷ்ஷுக்கு எட்டாது. ஊசி, குச்சி எதுவும் விட்டுக் கிளற வேண்டாம். 18 நாள் காத்திருக்காமல் நாளைக்கே போங்கள். அந்த டாக்டர் இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது.

சங்கரன்கோவில் ராசா
கிழங்கைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் தாத்தா கிழங்கும் கருப்பட்டியும் தின்றே 80 வயதில் முழுப் பல்லோடு இருந்தார். சீனி வந்தபிறகுதான் இந்தச் சீக்கெல்லாம். பிள்ளைக்கு மிட்டாய்க்குப் பதில் சில்லுக்கருப்பட்டி கொடுங்கள்.

பொருநைக்கரை
கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருப்பதும் அதுவே. வாய்க்கிருமிக்குப் பனை, கரும்பு என்ற பேதம் கிடையாது. வாயில் pH அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால், அதாவது அமிலம் கூடினால், எனாமல் கரையத் தொடங்கும். சில்லுக்கருப்பட்டியை அடக்கிவைத்துச் சப்பினால் அவ்வளவு நேரமும் பல் அமிலத்தில் ஊறுகிறது. கிளிப் போட்ட பிள்ளைக்கு அதைச் சிபாரிசு செய்வது தவறு.

சங்கரன்கோவில் ராசா
உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் சீனியோடு சேர்க்கிறீர்கள்.

பொருநைக்கரை
அது எந்த ஊர்ச் சரக்கு என்பதற்கான குறியீடு. பல்லுக்கு நல்லது என்ற சான்று இல்லை.

அம்பை அண்ணாச்சி
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த அம்மா பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டை அம்மா
நேற்றுப் போனோம். நார்தான், சுண்டுவிரல் நகம் அளவு, வளையத்துக்கு அடியில் இருந்தது. எடுத்துச் சுத்தம் செய்தார்கள். இன்றைக்கு வீக்கம் பாதி. எல்லோருக்கும் நன்றி, மதினிக்குத் தனியாக.

தென்காசி சாரல்
நல்லது அக்கா. முன்பல் வெள்ளைக்கு என்ன சொன்னார்கள்? ஃபுளோரைடு பூசினார்களா?

தென்காசி சாரல்
அக்கா, பார்த்தால் சொல்லுங்கள். என் மகளுக்கும் அடுத்த மாதம் கம்பி போடுகிறோம்.