ஹேவ்லாக் டைவ்: கோப்ரோவுக்குச் சிவப்பு ஃபில்டரா, எடிட்டிங்கே போதுமா?

முத்துக்குளி:
பிப்ரவரியில் அந்தமான்ல இருக்கிற ஹேவ்லாக் தீவுக்கு (இப்ப ஸ்வராஜ் தீவு) டைவ் பண்ணப் போறேன். இப்பதான் ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடிச்சேன், அதனால 18 மீட்டர்தான் எல்லை. கையில இருக்கிறது கோப்ரோ ஹீரோ 9 கேமரா, தண்ணி புகாத ஹவுசிங்கோட (மேல்கூடு). போன மாசம் புதுச்சேரியில சிவப்பு ஃபில்டர் மாட்டி எடுத்தேன், மொத்த வீடியோவும் ஆறிப்போன டீ மாதிரி இருக்கு. "கடலுக்கு இதுதான் சார்"னு சொல்லி வித்தாங்க. இதையே அந்தமானுக்கும் தூக்கிட்டுப் போகவா, இல்ல ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல கலர் சரி பண்ணிக்கவா?

திருக்கை:
தூக்கிப் போட்டுடாதீங்க. தண்ணி முதல்ல தின்னுறது சிவப்பு வெளிச்சத்தைத்தான், அதைச் சமாளிக்கத்தான் ஃபில்டர். புதுச்சேரித் தண்ணி பச்சை. பச்சைக்கு மெஜந்தா ஃபில்டர், நீலத்துக்குத்தான் சிவப்பு. ஹேவ்லாக் பக்கம் தண்ணி நீலம், அங்க உங்க ஃபில்டர் ஒழுங்கா வேலை செய்யும். 5 மீட்டர் இறங்கின பிறகு போடுங்க. அதுக்கு முன்னாடி போட்டா எல்லார் மூஞ்சியிலும் குங்குமம் கொட்டின மாதிரி வரும். அடுத்த தடவை வாங்கினா கீல் வச்சு, விரலாலேயே தூக்கி மடக்கற மாடலா பாருங்க.

பிக்சல்பித்தன்:
அடுத்த தடவை எதுக்கு வாங்கணும்? ஃபில்டர் சிவப்பை எங்கிருந்தோ கொண்டு வந்து சேர்க்கறதில்ல. நீலத்தையும் பச்சையையும் தடுக்குது, அவ்வளவுதான். அந்த வேலையை வீட்டுல உட்கார்ந்து நாமே செய்யலாம். ஃபில்டர் ஒரு ஸ்டாப்புக்கு மேல, அதாவது பாதிக்கு மேல வெளிச்சத்தைத் தின்னுடும். சுண்டுவிரல் நகம் அளவு சென்சார், 15 மீட்டர்ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைச் செயற்கையா ஏத்தற அளவு) எகிறி படம் பூரா மணல் தூவின மாதிரி ஆயிடும். எடிட்டிங்ல தப்பு பண்ணினா திரும்பப் பண்ணலாம். தப்பான ஃபில்டரோட எடுத்தா? முத்துக்குளி சார் கையில இருக்கிற டீதான் சாட்சி.

திருக்கை:
"நாமே செய்யலாம்"னு சொல்றீங்க. நான் செஞ்சு பார்த்தேன். என் மணிக்கட்டுல சிவப்புக் கோயில் கயிறு ஒண்ணு இருக்கு. அதே கேமரா, 10 மீட்டர், உச்சிவெயில். ஃபில்டர் இல்லாத கிளிப்ல கயிறு கறுப்பு. ரிசால்வ்ல சிவப்பை ஏத்த ஏத்த கயிறு கலங்கல் பழுப்பாகி, கட்டம் கட்டமா உடைஞ்சுது, பின்னாடி இருந்த தண்ணி கத்திரிப்பூ கலராச்சு. ஃபில்டர் போட்ட கிளிப்ல சாயம் போன சிவப்புதான், ஆனா சிவப்பு.

காரணம் இதுதான். ஃபில்டர் இல்லன்னா கேமரா பளீர்னு இருக்கிற நீலத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது உள்ள வாங்கற வெளிச்சத்தைக் குறைச்சுடும். ஹீரோ 9 எழுதறது 8 பிட், ஒரு நிறத்துக்கு 256 படி. சிவப்பு அதுல அடிப்படியிலேயே கிடக்கும், கம்ப்ரஷன் அதையும் அரைச்சுடும். ஃபில்டர் நீலத்தை அமுக்கினா எக்ஸ்போஷர் ஏறும், கூடவே சிவப்பும் மேல வரும். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

பிக்சல்பித்தன்:
சரி, இது நியாயம். ஆனா ஏத்தறதுக்கு வெளிச்சம் மிச்சம் இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கணக்கு. மேகமூட்டமான நாள், 16 மீட்டர்: ஷட்டர் ஏற்கெனவே போகிற அளவுக்கு மெதுவா போயிருக்கும், அபெர்ச்சரை (லென்ஸ் துவாரம்) மாத்த வழியே கிடையாது. அங்க ஃபில்டர் மாட்டினா ஒரு துளி சிவப்பும் அதிகமாகாது, ஐஎஸ்ஓ மட்டும் ஏறும். அப்புறம் நீங்க சொன்ன 256 படிக் கதை ஹீரோ 11-லிருந்து மாறிடுச்சு. 10 பிட் வந்தாச்சு, 1024 படி.

திருக்கை:
அவர்கிட்ட இருக்கிறது 9. அதுக்குத்தானே பதில் கேட்டார்?

கடற்பாசி:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும் தம்பிகளா. டைவ் கூட்டிட்டுப் போறது எனக்குத் தொழில். ரெண்டு பேரும் ஆழத்தையே பேசறீங்க, தூரத்தை யாரும் சொல்லலை. வெயில் 8 மீட்டர் இறங்கி மீன் மேல பட்டு, அங்கிருந்து கேமராவுக்கு 4 மீட்டர் வந்தா, சிவப்புக்கு அது 12 மீட்டர் தண்ணி. கைக்கெட்டும் தூரத்துக்குப் போங்க, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், பாதிச் சண்டை தீர்ந்துடும். டார்ச் அடிச்சா ஃபில்டரைக் கழட்டிடணும், இல்லன்னா வெளிச்சம் படற இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. இறங்கினதும் ஃபில்டரை ஒரு உதறு உதறுங்க, ஹவுசிங்குக்கும் அதுக்கும் நடுவுல காத்துக் குமிழ் ஒட்டிக்கும். கயிறு கட்டாத ஃபில்டர் கடலுக்குத்தான் சொந்தம், நானே மூணு மொய் வச்சிருக்கேன். கோர்ஸ் முடிச்ச சூட்டோட கேமராவைப் பார்த்துக்கிட்டே போய் பவளத்துல முட்டி போடற ஆளுங்களைத் தினம் பார்க்கறேன். முதல் டைவுக்குக் கேமராவே வேண்டாம்னு சொல்வேன், யாரும் கேட்கறதில்ல.

முத்துக்குளி:
முதல் டைவுக்குக் கேமராவை அறையிலேயே வச்சுடறேன் அண்ணே, சத்தியமா. ரெண்டாவதுல 5 மீட்டர் தாண்டினதும் ஃபில்டர், வெளிச்சம் செத்துப்போன ஆழத்துல கழட்டிடறேன். வொயிட் பேலன்ஸ், அதான் வெள்ளையை வெள்ளையாக் காட்டற கலர் செட்டிங், எதுல வைக்க?

திருக்கை:
ஃபில்டரோட ஆட்டோ.

பிக்சல்பித்தன்:
ஆட்டோ வச்சா நடுவுல கலர் தாவும். ஃபில்டர் கழட்டின கிளிப்புக்காவது வொயிட் பேலன்ஸை நேட்டிவ்லயும் கலரை ஃப்ளாட்லயும் வைங்க, கேமரா கலரைத் தொடாம எடிட்டிங்குக்கு விட்டுடும். மணிக்கட்டுல சிவப்பா ஒரு கயிறும் கட்டிக்கிட்டுப் போங்க, ரெண்டு விதமாவும் எடுத்து ஒரிஜினல் ஃபைலை டிரைவ்ல ஏத்துங்க, பார்த்துடுவோம். வாட்ஸ்அப்ல மட்டும் அனுப்பாதீங்க, இருக்கிற கொஞ்சம் சிவப்பும் போயிடும்.