ஆர்எக்ஸ்-8 ரோட்டரி எஞ்சின்: சீல் கிட் மட்டும் மாற்றினால் போதுமா? செலவு எங்கே ஏறுகிறது?

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2005 மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர் மேனுவல், ரெனிசிஸ் 13பி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டார்கள் சுழலும் ரோட்டரி), 1,12,000 கி.மீ. காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துவிடுகிறது. சூடான பிறகு அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் வெகுநேரம் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. ஐடிலில் லேசாக உதறுகிறது. கூலன்ட் குறையவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை.

ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரில் எடுத்த கம்ப்ரஷன், ரோட்டாரின் ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எண் (கிலோ/ச.செ.மீ., 250 ஆர்பிஎம்முக்குத் திருத்திய அளவு):

முன் ரோட்டார்: 7.2 – 7.1 – 7.3
பின் ரோட்டார்: 6.9 – 5.1 – 7.0

கேள்விகள்: எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டுமா? சீல் கிட் விலையையும் ரீபில்டுக்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் தொகையையும் பார்த்தால் ஏணி வைத்தாலும் எட்டாது போலிருக்கிறது, ஏன் இவ்வளவு வித்தியாசம்? பிரித்தால், அசெம்பிளியை நானே செய்யலாமா?

மைக்ரோமீட்டர்:

அளவை ஒழுங்காக எடுத்திருக்கிறீர்கள், அதனால் நிறையச் சொல்ல முடிகிறது. ரெனிசிஸுக்குக் குறைந்தபட்சம் 6.9 (680 கிலோபாஸ்கல்). ஒரே ரோட்டாரின் மூன்று முகங்களுக்குள் 1.5க்கு மேல் வித்தியாசம் கூடாது. முன், பின் ரோட்டார்களுக்கு இடையே 1.0க்கு மேல் கூடாது. உங்கள் பின் ரோட்டாரில் வித்தியாசம் 1.9. ஆக, எல்லை தாண்டிவிட்டது.

ஆனால் எந்த முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு அபெக்ஸ் சீல் (ரோட்டாரின் முக்கோண முனையில் இருப்பது) இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கிறது. அது உடைந்தாலோ வளைந்தாலோ பக்கத்துப் பக்கத்து இரண்டு முகங்களும் சேர்ந்து விழும். மூன்றும் சமமாகக் குறைந்தால் பொதுத் தேய்மானம், அல்லது ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. உங்களுக்கு ஒரே முகம் மட்டும் 5.1. இது பெரும்பாலும் அந்த முகத்தின் சைடு சீல் (ரோட்டாரின் பக்கவாட்டில் இருப்பது) கார்பனில் ஒட்டிக்கொண்டு, ஸ்பிரிங் தள்ளியும் எழும்பாமல் கிடப்பதன் அடையாளம். ரெனிசிஸில் எக்ஸாஸ்ட் போர்ட் ரோட்டாரைச் சுற்றியுள்ள ரோட்டார் ஹவுசிங்கில் இல்லை, அதை இரு பக்கமும் மூடும் சைடு ஹவுசிங்குகளில் இருக்கிறது. சைடு சீல் எரிந்த வாயுவின் வாசலைத் தாண்டித்தான் ஒவ்வொரு சுற்றும் போக வேண்டும். கார்பன் அங்கேதான் சேரும்.

அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு முயற்சி. பிளக்குகளைக் கழற்றி, பிளக் துளை வழியே அந்த முகத்துக்குள் கொஞ்சம் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் முன் புல்லியைப் பிடித்துக் கையால் நாலைந்து சுற்று சுற்றுங்கள், முன்னாலிருந்து பார்த்தால் கடிகார திசையில். பிறகு எரிபொருள் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி மிச்சத்தை வெளியே தள்ளுங்கள். பிளக் போட்டு ஓட்டும்போது பத்து நிமிடம் ஊரே மறைகிற அளவுக்குப் புகை வரும், திறந்த வெளியில் செய்யுங்கள். எஞ்சின் ஆயிலையும் பிளக்கையும் உடனே மாற்றி, மறுபடி கம்ப்ரஷன் எடுங்கள். 5.1 என்பது 6.5ஐத் தாண்டினால் சீல் ஒட்டியிருந்தது என்று அர்த்தம். அசையவே இல்லையென்றால் பிரிப்பதுதான் வழி.

சீல்_எண்ணி:

செலவுக் கேள்விக்கு நான் சொல்கிறேன். இரண்டு ரோட்டாருக்கும் சேர்த்து அபெக்ஸ் சீல் 6, கார்னர் சீல் 12, சைடு சீல் 12, ஆயில் கன்ட்ரோல் ரிங் 8, இவற்றுக்கான ஸ்பிரிங்குகள், ஓ-ரிங்குகள். ரெனிசிஸில் கட்-ஆஃப் சீலும் உண்டு. பிறகு ஹவுசிங்குகளுக்கு நடுவே வரும் தண்ணீர் சீல்கள், கேஸ்கெட்டுகள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் பார்த்த கிட் விலை. எந்த எஞ்சினைப் பிரித்தாலும் இந்தத் தொகை மாறாது. மதிப்பீட்டை எகிற வைப்பது கடின பாகங்கள்: ரோட்டார் ஹவுசிங் 2, சைடு ஹவுசிங் 3 (முன், நடு, பின்), ரோட்டார் 2, எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டார்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு).

பிஸ்டன் எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்தால் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். இங்கே அந்தச் சௌகரியமே இல்லை. ரோட்டார் ஹவுசிங் அலுமினியம், உள்ளே எஃகுத் தகடு, அதன்மேல் குரோம் பூச்சு. குரோம் ஓரத்தில் செதில் செதிலாக உரிந்தால் புது ஹவுசிங் வாங்குவதுதான் நேர்வழி. இரண்டும் போனால் அதுவே பில்லில் முதல் வரி. ஒரு ஆறுதல்: அபெக்ஸ் சீல் எக்ஸாஸ்ட் வாசலைத் தாண்டாததால் ரெனிசிஸின் ரோட்டார் ஹவுசிங் பழைய 13பியை விடப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். அடி வாங்குவது சைடு ஹவுசிங்குகள்தான்.

பிரித்ததும் அளக்க வேண்டியவை. 13பி குடும்பத்தில் புழங்கும் எல்லைகள் இவை, உங்கள் மாடலின் மேனுவலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்:

சைடு ஹவுசிங் வளைவு: ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து 0.04 மி.மீ. வரை. சீல் ஓடிய தடத்தில் படித் தேய்மானம் 0.10 மி.மீ. வரை.
அபெக்ஸ் சீலுக்கும் ரோட்டார் பள்ளத்துக்கும் இடைவெளி: புதிதில் 0.062 முதல் 0.101, எல்லை 0.15 மி.மீ. பழைய சீலை வைத்து அளக்காதீர்கள், புது சீலை வைத்து அளந்தால்தான் பள்ளம் அகன்றிருப்பது தெரியும்.
ரோட்டார் ஹவுசிங் அகலம்: 80 மி.மீ. நாலு இடத்தில் அளந்தால் வித்தியாசம் 0.06 மி.மீ.க்குள்.
பேரிங் இடைவெளி: 0.04 முதல் 0.08, எல்லை 0.10 மி.மீ. செம்பு நிறம் தெரிந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

சைடு ஹவுசிங்கில் படி அதிகமென்றால் லேப்பிங் செய்து சமப்படுத்தலாம், புதிதை விட மலிவு. ஆனால் மேற்பரப்பு நைட்ரைட் செய்து கடினமாக்கியது. ஆழமாகச் சுரண்டினால் அந்தத் தோல் போய் மென்மையான வார்ப்பிரும்பு வெளியே வரும், மறுபடி நைட்ரைடிங் செய்யாவிட்டால் சீக்கிரம் தேயும். மலிவு விலைக்கு ரீபில்ட் செய்து தருகிறேன் என்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். அளவு எழுதிய தாளைக் காட்ட முடியாதவர் அளக்கவில்லை.

இன்னொன்று, எஞ்சினைப் பிரிக்கும் முன் உறுதியான தொகை யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் ஒன்று மோசமான நிலையைக் கணக்கில் வைத்துச் சொல்கிறார், அல்லது பழைய பாகத்தையே துடைத்து மாட்டப் போகிறார்.

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:

ரொம்ப நன்றி. ஏடிஎஃப் முயற்சி இந்த வாரம். அது பலிக்கவில்லை என்றால் கழற்றி அளக்கும் வேலையை நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். அசெம்பிளியில் ஆள் தவறு செய்யும் இடங்கள் எவை?

எண்ணெய்க்கை:

வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. பாகங்கள் குறைவுதான், மன்னிப்பும் குறைவுங்க. வரிசையாச் சொல்றேன்.

பிரிக்கிறப்ப ஃப்ளைவீல் நட்டு 54 மி.மீ., முறுக்கம் 390 முதல் 490 நியூட்டன் மீட்டர். ஃப்ளைவீல் ஸ்டாப்பர் இல்லாம கை வைக்காதீங்க. கழட்டுற ஒவ்வொரு சீலையும் எந்த ரோட்டார், எந்தப் பக்கம், எந்த மூலைன்னு எழுதின தட்டுல வையுங்க. மறுபடி போடறதுக்கு இல்ல, எது ஏன் போச்சுன்னு படிக்கறதுக்கு.

ரோட்டாரைச் சுத்தம் பண்றப்ப சைடு சீல் பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால தேய்க்காதீங்க. உடைஞ்ச பழைய சைடு சீல் துண்டு ஒண்ணே போதும், அதே அகலம்.

நேரம் தின்னுற வேலை சைடு சீல் அரம் போடறதுதான். புது சீல் கொஞ்சம் நீளமா வரும். கார்னர் சீலுக்கும் அதுக்கும் நடுவுல 0.05 முதல் 0.15 மி.மீ. இருக்கணும். பன்னிரண்டையும் அதது உட்காருற பள்ளத்துலயே வைச்சு ஃபீலர் கேஜ் போட்டுப் பாக்கணும். இறுக்கமா விட்டா சூட்டுல நீண்டு கார்னர் சீலை முட்டி ஒட்டிக்கும், மறுபடியும் இப்ப இருக்கிற அதே நோய். அதிகமா தேய்ச்சுட்டா அந்த சீல் குப்பை. அதனால ரெண்டு மூணு உபரி வாங்கி வையுங்க.

ஆயில் கன்ட்ரோல் ரிங்கை உள்ள அழுத்தறப்ப ஓ-ரிங் மடங்கிடும். பாத்தா தெரியாது. எஞ்சின் ஏத்தினதும் நீலப்புகையா சொல்லும். ரிங் முழு வட்டமும் ஒரே சீரா ஸ்பிரிங்ல எழும்புதான்னு விரலால அழுத்திப் பாருங்க.

அடுக்குற வரிசை: முன் சைடு ஹவுசிங் கீழ, அதுமேல முன் ரோட்டார், ஷாஃப்ட், ரோட்டார் ஹவுசிங், அப்புறம் நடு ஹவுசிங். நடு ஹவுசிங் ஷாஃப்டோட லோபை (துருத்திட்டு இருக்கிற வட்டப் பகுதியை) தாண்டி இறங்க, ஷாஃப்டை ஏறக்குறைய 25 மி.மீ. தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும். இதுல அதிகமா தூக்கினா கீழ இருக்கிற சீல்கள் நகர்ந்துடும். தண்ணீர் சீல்களை வேசலின் தடவி பள்ளத்துல ஒட்டுங்க. டவல் பின்னை (ஹவுசிங்குகளை நேராப் பொருத்துற குழாய் முளை) சுத்தி வர்ற சின்ன ஓ-ரிங்குகளை மறந்துடாதீங்க, ஆயில் கசியறது அங்கதான்.

நீளமான டென்ஷன் போல்ட்டுகளை மேனுவல் வரிசைப்படி ரெண்டு மூணு சுத்துல 32 முதல் 39 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டு வாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஷாஃப்டைக் கையால சுத்திப் பாருங்க. பிடிக்குதுன்னா நிறுத்துங்க, மேல இறுக்கினா சரியாகாது.

கடைசியா எண்ட்-ப்ளே (ஷாஃப்ட் முன்னும் பின்னும் அசையற அளவு), 0.04 முதல் 0.07 மி.மீ., டயல் கேஜ் வைச்சு. இதுல தந்திரமான இடம், முன் பக்கத்து ஊசி த்ரஸ்ட் பேரிங். போல்ட் தளர்ந்திருக்கிறப்ப எஞ்சினைச் சாய்ச்சா அது ஸ்பேசர் விட்டு நழுவி நடுவுல நசுங்கும். முன் புல்லி போல்ட் இறுகுற வரைக்கும் எஞ்சின் முன் பக்கம் மேல பாத்து நிக்கட்டும். எண்ட்-ப்ளே பூஜ்யம்னு காட்டினா பேரிங் மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், ஸ்பேசர் மாத்திச் சமாளிக்காதீங்க.

காயில்_நாலு:

மேலே சொன்ன எதிலும் மறுப்பில்லை, ஆனால் எல்லோரும் சீலைப் பற்றியே பேசுகிறீர்கள். சீல் ஏன் போனது என்பதற்கும் பட்ஜெட் ஒதுக்குங்கள். ஆர்எக்ஸ்-8இல் இக்னிஷன் காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் எரிந்து உள் கட்டமைப்பை உருக்கும். அடைத்த கன்வெர்ட்டர் எக்ஸாஸ்ட் வெப்பத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் தள்ளும், சைடு சீலுக்கு அதுதான் எமன். புது எஞ்சினை அடைத்த கன்வெர்ட்டரோடு மாட்டினால் செலவு முழுக்க வீண். காயில் 4, பிளக் 4, ஒயர், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், ஹோஸ்கள், எஞ்சின் மவுண்ட், இவற்றையும் முதல் நாளே கூட்டிப் போடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது கிளட்ச் மாற்றுவதும் லாபம்தான்.

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:

காயில்கள் எல்லாம் வண்டியோடு வந்தவைதான், அவற்றை இப்போதே மாற்றிவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். டூ-ஸ்ட்ரோக் ஆயிலை பெட்ரோலில் கலப்பது உண்மையில் உதவுமா? முதல் ஓட்டம் எப்படி?

மைக்ரோமீட்டர்:

உதவும். மீட்டரிங் பம்ப் எஞ்சின் ஆயிலையே எரிக்கத் தருகிறது, அது சாம்பல் விடும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் எரியவே தயாரித்தது. 200 லிட்டருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில், அதாவது 50 லிட்டருக்கு 250 மி.லி. பம்பைக் கழற்றிவிடாதீர்கள், இது அதற்குத் துணை மட்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் காயில், ஃபியூயல் பம்ப் இரண்டையும் துண்டித்து ஆயில் பிரஷர் ஏறும்வரை சுற்றுங்கள். பிடித்ததும் வேசலினும் அசெம்பிளி ஆயிலும் எரியும், பதற வேண்டாம். முதல் 1,500 கி.மீ. வரை 4,000 ஆர்பிஎம் தாண்டாமல், ஆனால் ஒரே வேகத்தில் நிற்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 500 கி.மீ.யில் ஆயில், ஃபில்டர் மாற்றுங்கள். புது எஞ்சினின் கம்ப்ரஷனை முதல் நாளே எடுத்து மனம் தளர வேண்டாம். சீல் பழகிய பிறகு, 1,500 கி.மீ.க்கு மேல் எடுத்து அந்த ஆறு எண்களையும் இங்கேயே போடுங்கள்.