ஒரு வாரம் ஐந்து நாள், மறு வாரம் ஆறு நாள்: மெய்ப்பு, வீணை, வாசிப்பு மூன்றுக்கும் எப்படி இடம் கொடுப்பது?

கேள்வி: கொள்ளிடக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் ஒரு வங்கியில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். வயது 38. வீட்டில் கணவர், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகன், 74 வயதான மாமியார் ஆகியோர் இருக்கிறார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் அப்பால் எனக்கென்று மூன்று காரியங்கள் வைத்திருக்கிறேன். தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தாக்கி ஏற்றும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில், நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய கட்டுரை நூல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்து (அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தி) வருகிறேன்; 312 பக்கங்களில் இதுவரை 118 முடிந்திருக்கின்றன. பள்ளி நாள்களில் பாதியில் விட்ட வீணையை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மீண்டும் கையில் எடுத்து, ஞாயிறுதோறும் ஓர் அம்மையாரிடம் பாடம் கேட்கிறேன். மூன்றாவது வாசிப்பு. இவை தவிர மாடியில் பத்துப் பதினைந்து தொட்டிகளில் காய்கறிச் செடிகளும் உண்டு.

வங்கிகளுக்கு 2015 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. மற்றச் சனிக்கிழமைகள் முழு வேலைநாள்கள். ஆகையால் எனக்கு ஒரு வாரம் ஐந்து நாளாகவும் அடுத்த வாரம் ஆறு நாளாகவும் அமைகிறது. ஐந்து நாள் வாரத்தில் நான் போடும் கால அட்டவணை அடுத்த வாரமே குலைந்துவிடுகிறது. மாதக் கடைசியோ மார்ச் மாதக் கணக்கு முடிப்போ வந்துவிட்டால் அட்டவணை இருந்த சுவடே தெரிவதில்லை. இப்படி நான்கு முறை குறிப்பேட்டில் எழுதிப் பார்த்து நான்கு முறையும் கைவிட்டிருக்கிறேன்.

உண்மையில் எனக்கென்று கிடைப்பது காலை ஐந்து மணியிலிருந்து ஆறேகால் வரையும், இரவு ஒன்பதரைக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரமும்தான். ஆறேகாலுக்குச் சமையல் தொடங்கினால்தான் எட்டே முக்காலுக்குப் பேருந்தைப் பிடிக்க முடியும். இரவு நேரத்தில் உடல் ஒத்துழைப்பதில்லை. சென்ற மாதம் இரவில் மெய்ப்புப் பார்த்த ஆறு பக்கங்களைப் பின்னர் ஒரு காலையில் திறந்து பார்த்தபோது, ஒரு பக்கத்தில் இரண்டு வரிகள் அப்படியே விடுபட்டிருந்ததைக் கண்டு மிகவும் வருந்தினேன். இந்த மூன்றில் எதையும் விட எனக்கு மனமில்லை. இதேபோன்ற நிலையில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஏட்டுச்சுவடி

வணக்கம் சகோதரி. நான் நாகர்கோவிலில் தமிழாசிரியராக இருக்கிறேன்; எட்டு ஆண்டுகளாக விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்து வருகிறேன். வீணையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மெய்ப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் 312 பக்கங்களையும் ஒரே சுமையாகத் தலையில் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. விக்கிமூலத்தின் ஏற்பாடே அதற்கு நேர்மாறானது. அங்கே வேலையின் அளவு பக்கம்தான். மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பாக இருக்கும். ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சளாகும். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால்தான் பச்சையாகும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதாவது, உங்கள் கண்ணுக்குத் தப்பிய பிழையைப் பிடிக்க இன்னொருவர் வருவார் என்ற நம்பிக்கையில்தான் அந்த அமைப்பே கட்டப்பட்டிருக்கிறது. விடுபட்ட இரண்டு வரிகளுக்காக நீங்கள் வருந்துவது உங்கள் அக்கறையைக் காட்டுகிறது. ஆனால் அந்த வருத்தத்தில் அடுத்த பக்கத்தைத் திறக்கத் தயங்காதீர்கள்.

அடுத்து, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தை எடுப்பதில்லை. உங்களுடையது பழைய அச்சு என்றால், 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய எழுத்துருக்கள் அதில் இருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றுக்குக் காலில்லாத சுழித்த வடிவமும் வரும் இடங்களில் எழுத்துணரி (பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) தடுமாறி வேறு எதையாவது தட்டிவைத்திருக்கும். துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்வது அதற்கு வாடிக்கை. ‘ஔ’ பல இடங்களில் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளாகப் பிரிந்து கிடக்கும். இது கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால் களைத்த நேரத்தில் பிடிபடவே பிடிபடாது. என் அனுபவத்தில் வெறும் உரைநடைப் பக்கத்துக்குப் பத்து நிமிடமும், அடிக்குறிப்பும் மேற்கோள் செய்யுளும் நிறைந்த பக்கத்துக்கு அரை மணியும் ஆகின்றன.

ஆகவே, ஒரு விடுமுறை நாளில் நூல் முழுவதையும் ஒருமுறை புரட்டி, எவை எளிய பக்கங்கள், எவை செய்யுள் மிகுந்த பக்கங்கள் என்று ஒரு தாளில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எளியவை வேலைநாள் காலைக்கு. கடினமானவை விடுமுறைச் சனிக்கிழமைக்கு. பக்கங்களை வரிசையாகத்தான் முடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரவில் ஒருபோதும் மெய்ப்புப் பார்க்காதீர்கள். இரவில் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், பத்தி பிரிப்பது, தலைப்புகளை நடுவில் அமைப்பது போன்ற கையால் செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: மாயாமாளவம்

சகோதரிக்கு வணக்கம். வீணையைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அதை ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்காதீர்கள். வாரம் முழுவதும் தொடாமல் விட்டு ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வாசித்தால் இடக்கை விரல் நுனிகள் எரியும். விரலில் ஏறிய காய்ப்பு சில நாள்களிலேயே மிருதுவாகிவிடும். நாள்தோறும் இருபது நிமிடம் வாசிப்பவரின் கை, வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் வாசிப்பவரின் கையைவிடத் தெளிவாகப் பேசுவதை என் வகுப்பிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன்.

இருபது நிமிடம் எங்கே போகிறது என்றும் கவனியுங்கள். பெட்டியைத் திறந்து, விரிப்பை விரித்து, நான்கு வாசிப்புத் தந்திகளுக்கும் மூன்று தாளத் தந்திகளுக்கும் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் பாதி நேரம் கரைந்துவிடும். நான் செய்த மாற்றம் மிகச் சிறியது: வீணையைப் பெட்டியிலிருந்து எடுத்து, குழந்தைகளின் கால் படாத ஒரு மூலையில், வெயிலும் ஈரக்காற்றும் படாதவாறு பருத்தித் துணி போர்த்தி வைத்துவிட்டேன். உட்கார்ந்ததும் சிறிய திருத்தத்தோடு தொடங்க முடிகிறது. தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையில் இரண்டை மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) வாசித்து, நடப்புப் பாடத்தில் தடுமாறும் ஓர் இடத்தை மட்டும் பத்து முறை வாசியுங்கள். அன்றைக்கு அது போதும். அதற்கும் காலை நேரமே உகந்தது என்பது என் கருத்து.

பதில் 3: பழைய நூலகர்

அம்மா, உங்கள் கேள்வியையும் இரண்டு பதில்களையும் நிதானமாகப் படித்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் பொது நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மெய்ப்புக்காரரும் காலை வேண்டும் என்கிறார். வீணைக்காரரும் காலை வேண்டும் என்கிறார். உங்கள் சமையலறையும் காலையைத்தான் கேட்கிறது. உங்களிடம் இருப்பது ஒன்றேகால் மணி நேரக் காலை ஒன்றுதான். அதைத் தினமும் மூன்றாகக் கிழிக்காதீர்கள். வாரத்தைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிட்டு, இரண்டு வாரத்தை ஒரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விடுமுறையே ஏறத்தாழ அப்படித்தான் வருகிறது. பதினான்கு காலைகளில் வீணைக்கு எல்லா நாளும் இருபது நிமிடம் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் மெய்ப்புக்குக் கொடுங்கள். மாதக் கடைசி வரும் பதினைந்து நாளில் மெய்ப்பே வேண்டாம். வீணை மட்டும் போதும். மெய்ப்புப் பக்கம் ஒரு மாதம் கிடந்தாலும் கெட்டுப்போகாது, கைப்பழக்கம் அப்படியன்று.

வாசிப்பைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதுதான் முதலில் பலியாகிறது என்று ஊகிக்கிறேன். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூலகத்தில் அடுக்கு முறையையும் அட்டவணையையும் அதற்காகவே அமைக்கிறோம். வீட்டிலோ, எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே இரவு நேரம் முழுதும் போய்விடுகிறது. ஞாயிறன்றே இரண்டு நூல்களை எடுத்துக் கட்டிலருகில் வையுங்கள்: ஒன்று தொடர்ந்து படிக்க வேண்டிய பெரிய நூல், மற்றொன்று சிறுகதையோ கவிதையோ போல ஒரே அமர்வில் முடியக்கூடியது. உடல் களைத்த இரவில் பெரிய நூலைத் திறந்தால் ஒரே பக்கத்தைத்தான் மூன்று நாளும் படிப்பீர்கள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் அந்தப் பெரிய நூலுக்கு அது நல்ல இடம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் கேள்வியில் கணவரும் மகனும் வீட்டில் ‘இருக்கிறார்கள்’. என்ன செய்கிறார்கள் என்று எங்கும் இல்லை. ஏழாம் வகுப்பு மாணவன் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவவும், காய் நறுக்கிக் கொடுக்கவும் முடியும். வாரத்தில் இரண்டு காலைச் சமையலைக் கணவர் ஏற்றுக்கொண்டாலே உங்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். இதை உதவி என்று கேட்காதீர்கள், பங்கு என்று சொல்லுங்கள். நான் கேட்காமலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 4: மொட்டைமாடி

மாடிச் செடிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பதினைந்து தொட்டிகளில் பத்தை இப்போதைக்குக் காலி செய்துவிட்டு, ஐந்தில் சிறுகீரையும் அரைக்கீரையும் மட்டும் விதைத்துக்கொள்ளுங்கள். கத்தரியும் வெண்டையும் பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் கண்காணிப்பைக் கேட்பவை. கீரைக்குத் தண்ணீர் போதும், சிறுகீரை மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். காலித் தொட்டிகளின் மண்ணை வெயிலில் ஆறவிட்டு ஆடிப்பட்டத்தில் மீண்டும் தொடங்கலாம். மாமியாருக்கு மாடி ஏற முடியாவிட்டால் ஐந்து தொட்டிகளையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கொள்ளிடக்கரை (நான்கு வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னதை நடத்திப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பழைய நூலகர் அம்மாவின் கடைசிப் பத்தியை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டினேன். கணவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்; பிறகு செவ்வாய், வெள்ளிக் காலைச் சமையல் தன்னுடையது என்றார். முதல் வெள்ளியன்று சாம்பாரில் உப்பு மிகுந்துவிட்டது. மாமியார் அதைச் சரிசெய்யச் சொல்லிக்கொடுத்தார், நான் எழுந்து போகவில்லை. எழுந்து போகாமல் இருப்பது எனக்கு எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது.

வீணை இப்போது கூடத்து மூலையில் என் பழைய சுங்குடிப் புடவையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. 28 நாளில் 23 நாள் வாசித்திருக்கிறேன். மெய்ப்பில், ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடி பக்கங்களைப் பிரித்துப் பார்த்ததில், மீதமிருந்த 194 பக்கங்களில் செய்யுள் மிகுந்தவை 41 மட்டும்தான் என்று தெரிந்தது. எல்லாமே அப்படிப்பட்டவை என்று இத்தனை நாள் மலைத்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் பத்து நாள் தொடவேயில்லை, இருந்தும் 143 பக்கங்கள் வரை முடிந்திருக்கின்றன. நான் விட்ட இரண்டு வரிகளையும் நானே சேர்த்துவிட்டேன். அந்த ஆறு பக்கங்களில் நான்கை யாரோ ஒருவர் பச்சையாக்கியிருக்கிறார்.

வாசிப்புதான் இன்னும் நிலைப்படவில்லை. பேருந்தில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் உட்கார இடம் கிடைக்கிறது. கட்டிலருகே வைத்த சிறுகதைத் தொகுப்பை மட்டும் முடித்தேன். பெரிய நூலுக்கு நான்காம் சனிக்கிழமை மதியத்தை முழுமையாக ஒதுக்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அன்று மகனும் தன் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்வதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த மாதம் அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.