நாசரேத் வீடு: 24-ஆம் தேதி சாயங்காலம்

வாட்ஸ்அப் குழு: நாசரேத் வீடு (தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், மொத்தக் குடும்பம்)

30 நவம்பர் 2024, சனி

ஜீவா (பெங்களூர்), மாலை 5:10
[படம்]
டிசம்பர் 24 ஆச்சி வீட்டு புரோகிராம் ரெடி. 6:30 சாண்டா என்ட்ரி. 7:00 கேம்ஸ். 7:45 சீக்ரெட் சாண்டா. 8:30 பிரியாணி. 9:30 டிஜே. எல்லாருக்கும் சிவப்பு டிரெஸ். ஜெபம் நடுவில் எங்கேயாவது வைத்துக்கொள்ளலாம்.

டேவிட் (துபாய்)
சூப்பர்ண்ணே

கிரேஸ் அத்தை
டிஜே என்றால் என்ன

டேவிட்
மைக்செட் அத்தை

கிரேஸ் அத்தை
ஆச்சிக்கு 84 வயசு

ஜீவா
சவுண்டைக் குறைத்து வைக்கலாம் அத்தை

ஜெபராஜ் பெரியப்பா, மாலை 5:48
அன்புள்ள பிள்ளைகளுக்கு, ஸ்தோத்திரம். ஜீவா சிரத்தை எடுத்து இதைச் செய்திருக்கிறான், சந்தோஷம். போஸ்டரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தேன். சாண்டா இரண்டு இடத்தில் வருகிறார். பிரியாணிக்கு அரை மணி நேரமல்ல, ஒரு மணி நேரம். யாருக்குப் பிறந்தநாளோ அவர் பெயரை மட்டும் காணவில்லை. "நடுவில் எங்கேயாவது" என்பது ஜெபத்துக்கு ஒதுக்கும் இடமா? நாளை, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு. இந்த வருஷம் அது டிசம்பர் 1-ஆம் தேதியாகவே அமைந்துவிட்டது. லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள். நாளை தொடங்கி தினம் ஓர் அதிகாரம், இரவு 8:30-க்கு வீடியோ காலில். பெரியவர்கள் வாசிக்க வேண்டாம், பிள்ளைகளே வாசிக்கட்டும். கடைசி அதிகாரத்தை 24-ஆம் தேதி ஆச்சி வீட்டுத் தார்சாவில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம். உங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கவும்.

செல்வின் (தூத்துக்குடி)
ஆமென்

டேவிட்
🙏

பியூலா அக்கா (சென்னை)
அப்பா இங்கே கரண்ட் இல்லை. தெருவில் முட்டளவு தண்ணீர். போனில் 22% தான் சார்ஜ் இருக்கிறது

ஸ்டெல்லா
அய்யோ அக்கா. கார்?

பியூலா அக்கா
வேளச்சேரி பாலத்தின் மேல் நிற்கிறது. ஊர்க் கார் எல்லாம் அங்கேதான் நிற்கிறது

செல்வின்
புயல் கரை ஏறிட்டா?

பியூலா அக்கா
புதுச்சேரி பக்கம் ஏறுதுன்னு சொல்றாங்க. ஏர்போர்ட்டை மூடிட்டாங்க

கிரேஸ் அத்தை
பியூலா போனை வைத்துவிட்டு ஜெபம் பண்ணு. சார்ஜ் போகுது

ராஜன் சித்தப்பா, மாலை 6:20
டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கும் இல்லை. குளிர்காலத்தில் மேய்ப்பர்கள் இராத்திரியில் வயலில் ஆடு காப்பார்களா? சிந்திக்கவும்.

ஜீவா
வந்துட்டாரு

செல்வின்
சித்தப்பா, வருஷா வருஷம் இதே மெசேஜ்தானே. போன வருஷம் அனுப்பியதையே ஃபார்வர்ட் பண்ணியிருக்கீங்க, மேலே அம்புக்குறி தெரியுது

ராஜன் சித்தப்பா
சத்தியம் மாறாது

டேவிட்
அப்பா விடுங்க

ஜெபராஜ் பெரியப்பா
ராஜன், தேதி வேதத்தில் இல்லை என்பது எனக்கும் தெரியும். ரோமாபுரியில் 336-ஆம் ஆண்டு வாக்கிலேயே இந்தத் தேதியில் ஆசரித்ததற்குக் குறிப்பு உண்டு. அர்மீனிய சபையார் இன்றைக்கும் ஜனவரி 6-ஆம் தேதி ஆசரிக்கிறார்கள். அவர்களை யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை என்று சொல்வதில்லை. எந்த நாள் என்பதைவிட அந்த நாளில் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. நீ வராவிட்டாலும் டேவிட் பிள்ளைகளை வீடியோ காலில் உட்கார வை.

கிரேஸ் அத்தை
25 வேதத்தில் இல்லை, கேக் இருக்கா ராஜன்? போன வருஷம் அரைக் கிலோ வாங்கிட்டுப் போனியே

செல்வின்
😂

ராஜன் சித்தப்பா
அது அம்மா கையால் கொடுத்தது

ஜீவா
பெரியப்பா, லூக்கா ஓகே. ஆனால் சாண்டாவை எடுக்க முடியாது. ஈதன் லிஸ்ட் எழுதிவிட்டான். ரிமோட் கார். ஆறு வயசுப் பையனிடம் போய் கிறிஸ்துமஸ் தாத்தா கிடையாது என்று எப்படிச் சொல்வது?

ஜெபராஜ் பெரியப்பா, மாலை 6:55
கிடையாது என்று ஏன் சொல்ல வேண்டும்? நிக்கொலாஸ் என்று ஒருவர் இருந்தார். நான்காம் நூற்றாண்டில் மீரா பட்டணத்தின் பேராயர், இன்றைய துருக்கி தேசம். ஏழை ஒருவனின் மூன்று பெண்களுக்குச் சீதனம் இல்லை என்று கேள்விப்பட்டு இராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொற்காசு முடிப்புகளை வீட்டுக்குள் போட்டார் என்று கதை சொல்வார்கள். டிசம்பர் 6 அவருடைய நாள், வருகிற வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அந்தக் கதையை ஈதனுக்குச் சொல். இந்த மனுஷன் யாருக்காகக் கொடுத்தார் என்று அவனே கேட்பான். கேட்டால் அங்கிருந்து பெத்லகேமுக்குப் போகலாம். வேஷம் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் கையில் பெட்டி இருக்கிற மாதிரி ஏதாவது கேள்வியும் இருக்கட்டும்.

டேவிட்
அப்போ சாண்டா துருக்கிக்காரரா

ஜீவா
பெரியப்பா இது லாங் மெசேஜ், ஈதன் அம்மா வாசித்துவிட்டுச் சொல்வாள்

கிரேஸ் அத்தை
வேஷம் யாருக்கு? அன்னைக்கு ராஜன் முகமூடியோட வந்ததில் ஜெபின் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தவன் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தான்

ராஜன் சித்தப்பா
அது இரட்சிக்கப்படும் முன்

செல்வின்
😂😂

கிரேஸ் அத்தை, இரவு 7:30
அது கிடக்கட்டும். அம்மாவோட அச்சுமுறுக்கு அச்சு யாரிடம் இருக்கு? பித்தளை, ரோஜாப்பூ போட்டது. தேடாத இடமில்லை

ஸ்டெல்லா
எங்க வீட்டில் இல்லை அத்தை

பியூலா அக்கா
சித்தப்பா வீட்டில் பார்த்த ஞாபகம்

டேவிட்
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வின்
டேவிட் என்னத்தை நீக்கினே

டேவிட்
ஒண்ணுமில்லைண்ணே

ராஜன் சித்தப்பா
எங்கள் வீட்டில் இல்லை. பாகம் பிரித்தபோதே எல்லாம் எழுதித்தான் கொடுத்தேன். அம்மி உட்பட.

ஜெபராஜ் பெரியப்பா
பழைய பேச்சு இங்கே வேண்டாம்.

கிரேஸ் அத்தை
நான் அச்சைத்தான் கேட்டேன். பாகத்தைக் கேட்கவில்லை

ஸ்டெல்லா, இரவு 7:52
பெரிய மாமா, ஒரு யோசனை. எங்க அம்மா வீட்டில் அட்வென்ட் தொடங்கியதும் குடில் கட்டுவோம். குழந்தை இயேசுவை மட்டும் வைக்க மாட்டோம், 24 இராத்திரிதான் வைப்போம். அதுவரை குழந்தையைக் கிடத்தும் முன்னணை காலியாக இருக்கும். பிள்ளைகள் தினம் ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் துரும்பு போடலாம். நிறையச் செய்தால் மெத்தை மெத்தென்று இருக்கும். ஜெபினுக்கு ரொம்ப ஆசை.

கிரேஸ் அத்தை
நம்ம வீட்டில் சுரூபம் வைக்கிற பழக்கம் இல்லை

ஸ்டெல்லா
சரி அத்தை

செல்வின்
அத்தை, அது வழிபட இல்லை

கிரேஸ் அத்தை
நான் ஒண்ணும் சொல்லலை. பழக்கம் இல்லைன்னு மட்டும் சொன்னேன்

ஜெபராஜ் பெரியப்பா
கிரேஸ், குடில் என்பது 1223-இல் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் கிரேச்சியோ என்ற ஊரில் ஏழை ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டியது. அதேபோல் அட்வென்ட் மெழுகுவர்த்தி நம் புராட்டஸ்டன்ட் ஆட்களுடையது. 1839-இல் ஹாம்பர்க்கில் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் நடத்தினார். பிள்ளைகள் தினமும் "எப்போ கிறிஸ்துமஸ், எப்போ கிறிஸ்துமஸ்" என்று நச்சரிக்கவே, பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் வாரநாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது என்று மெழுகுவர்த்தி வைத்து தினம் ஒன்று ஏற்றினார். பிள்ளைகளே எண்ணிக்கொண்டார்கள். எனவே இரண்டும்

ஜெபராஜ் பெரியப்பா
இரண்டும் செய்யலாம் என்று எழுத வந்தேன். விரல் பட்டுவிட்டது.

டேவிட்
வண்டிச் சக்கரத்துக்கு எங்கே போறது

செல்வின்
தாத்தாவோட ராலே சைக்கிள் ரிம் மச்சில் கிடக்கு

கிரேஸ் அத்தை
அதை யாரும் தொடக் கூடாது

ஷெரின் (கிரேஸ் பாட்டி பேத்தி), இரவு 8:15
நான் ஒண்ணு சொல்லலாமா? திட்டக் கூடாது

ஜீவா
சொல்லும்மா

ஷெரின்
போன வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி மழைக்கு அப்புறம் ஒரு வாரம் எங்களை யாரும் உட்கார வைத்து எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலை கொடுத்தீங்க. நம்ம சபைக் கோயில் மண்டபத்தில் நானும் ஜெபினும் நிவாரணப் பொட்டலம் கட்டினோம். அரிசி, பருப்பு, உப்பு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. தீப்பெட்டி ஜெபின் பொறுப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குச்சியை உரசிப் பார்த்து நமத்துப் போனதைத் தனியாக வைத்தான். எட்டு வயசு அப்போ. வெள்ளம் புகுந்த ஏரலுக்குப் போகிற லோடில் ஒரு நமத்த பெட்டிகூடப் போகலை. ஸ்டார் போடலை, கேரல் வரலை, புது டிரெஸ் இல்லை. எனக்கு அந்தக் கிறிஸ்துமஸ்தான் நல்லா ஞாபகம் இருக்கு. அவ்ளோதான்

செல்வின்
❤

ஜீவா
நான் அப்போ வர முடியலை. ரயில் எல்லாம் ரத்து

டேவிட்
செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கிட்டு நின்னதே, அப்பதானே

ஜெபராஜ் பெரியப்பா
அப்போதுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ரயிலில் இருந்தவர்களுக்குப் பக்கத்து ஊர்ப் புதுக்குடிக்காரர்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். அவர்கள் அட்வென்ட் கொண்டாடுகிறவர்கள் அல்ல. ஷெரின், நீ எழுதியதை நாளை வீடியோ காலில் வாசி.

ஷெரின்
ஐயோ வேணாம் பெரிய தாத்தா

கிரேஸ் அத்தை, இரவு 8:40
பலகாரத் தட்டு வருஷா வருஷம் நம்ம தெரு, பின் தெரு, கோயில் பக்கம்னு போகும். நான்தான் தூக்கிட்டு நடப்பேன். மூட்டு வலிக்கு. இந்த வருஷம் பிள்ளைகளே கொண்டு போகட்டும். 23-ஆம் தேதியே வந்துடணும். முறுக்கு சுடும்போதும் கூட உட்காரணும்

ஜீவா
23-க்கு டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் 41 அத்தை

கிரேஸ் அத்தை
பஸ் இல்லையா

ஜீவா
பஸ் 3,200

கிரேஸ் அத்தை
டிஜேக்கு எவ்வளவு

ஜீவா
பார்க்கிறேன்

டேவிட்
எங்களுக்கு ஆச்சி வீட்டில் ரூம் இருக்கா? இல்லைன்னா திருச்செந்தூரில் ஹோட்டல் போடுறேன்

செல்வின்
சத்திரத்தில் இடமில்லை. மாட்டுத்தொழுவம் காலி

டேவிட்
😂 மாடே இல்லையே

1 டிசம்பர் 2024, ஞாயிறு

பியூலா அக்கா, காலை 10:05
கரண்ட் வந்துட்டு. தண்ணீர் இறங்கலை. எல்லாரும் நலம்

ஸ்டெல்லா
ஸ்தோத்திரம் அக்கா

ஜீவா, பகல் 12:40
பெரியப்பா லூக்கா முதல் அதிகாரம் எடுத்துப் பார்த்தேன். 80 வசனம்! முதல் நாளே 80-ஆ? ஈதன் தூங்கிடுவான். அவனுக்குத் தமிழ் வேறு வாசிக்க வராது

ஜெபராஜ் பெரியப்பா
வராது என்பது யாருடைய குறை?

ஜீவா
பெரியப்பா

ஸ்டெல்லா
ஈதன் இங்கிலீஷில் ரெண்டு வசனம் வாசிக்கட்டும் பெரிய மாமா. ஆச்சிக்குக் குரல் கேட்டால் போதும்

ஜெபராஜ் பெரியப்பா
சரி. ஆளுக்குப் பத்து வசனம் வீதம் பிரிக்கிறேன். மூன்றாம் அதிகாரத்தில் வம்ச வரலாறு வருகிறது, அதை ஜீவா வாசிப்பான்.

செல்வின்
தண்டனையா 😂

டேவிட்
பெரியப்பா, 24 அன்னைக்கு வருவது உயிர்த்தெழுந்த அதிகாரம் இல்லையா? கிறிஸ்துமஸ் முந்தின நாள் ஈஸ்டர் வாசிக்கிறதா?

ஜெபராஜ் பெரியப்பா
ஆமாம். முன்னணையோடு கதை முடியவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். டிசம்பர் 2-ஆம் தேதியே பிறப்பு வந்துவிடும், அதை 25 அதிகாலை 4 மணி ஆராதனையில் மறுபடி கேட்பார்கள்.

கிரேஸ் அத்தை
4 மணி ஆராதனைக்கு 3 மணிக்கு எழும்பணும். 9:30-க்கு மைக்செட் போட்டால் யார் எழும்புவா

ஜீவா
டிஜே கேன்சல்ன்னே வச்சுக்கோங்க. கேம்ஸ் இருக்கும். சாண்டா இருக்கும்

ராஜன் சித்தப்பா
8:30-க்கு லிங்க் அனுப்பவும். வாசிக்க மட்டும்.

ஜெபராஜ் பெரியப்பா, இரவு 8:22
[லிங்க்]

டேவிட்
இங்கே இப்பதான் 6:52. பிள்ளைகள் ட்யூஷனில். பத்து நிமிஷம்

ஜெபராஜ் பெரியப்பா
தொடங்கியாகிவிட்டது.

செல்வின், இரவு 8:36
பெரியப்பா ம்யூட்டில் இருக்கீங்க

ஸ்டெல்லா, இரவு 8:38
பெரிய மாமா ம்யூட்

பியூலா அக்கா, இரவு 8:39
அப்பா!! சத்தம் வரலை

செல்வின், இரவு 9:31
முன்னுரை முழுக்க ம்யூட்டில் போயிட்டு

ஷெரின்
சகரியா ஊமையான அதிகாரம்னு சரியா செஞ்சுட்டாங்க

ஜீவா
😂😂😂 ஈதன் இன்னும் சிரிக்கிறான். நாளைக்கு அவனும் வாசிக்கணுமாம்

ஜெபராஜ் பெரியப்பா
பரவாயில்லை. முன்னுரையை நாளை மறுபடி சொல்கிறேன்.

செல்வின்
வேண்டாம் பெரியப்பா, டைப் பண்ணி அனுப்புங்க

ஜீவா
அதுவும் வேண்டாம்

கிரேஸ் அத்தை
[குரல் பதிவு 0:48]
ஆச்சி பேசுறாங்க, கேளுங்க

டேவிட்
ஆச்சி என்ன சொல்றாங்க, சரியா கேட்கலை

கிரேஸ் அத்தை
ஜெபின் நல்லா வாசிச்சானாம். ராஜன் முகம் தெரிஞ்சுதாம், மெலிஞ்சிருக்கானாம். அச்சு தேட வேண்டாம், கடையில் புதுசு வாங்கிக்கோன்னு சொல்றாங்க

ராஜன் சித்தப்பா
அம்மாவிடம் நாளைக்குப் பேசுகிறேன். பரணில் ஒரு சாக்கு மூட்டை பிரிக்காமல் இருக்கிறது. பார்க்கச் சொல்கிறேன்.

பியூலா அக்கா
🤐

ஸ்டெல்லா, இரவு 9:50
அத்தை, ஜெபின் கேட்கிறான். ஊரில் வைக்கோல் கிடைக்குமா? இங்கே தூத்துக்குடியில் கடையில்தான் வாங்கணும்

கிரேஸ் அத்தை
பின் தெருவில் மாட்டுக்காரர் வீட்டில் கேட்டால் ஒரு கட்டு தருவார். ஜெபினுக்கு எடுத்து வைக்கிறேன். முன் வராந்தாவில் வைக்கணுமா தார்சாவில் வைக்கணுமான்னு அப்புறம் பார்ப்போம். சுரூபத்துக்கு இன்னும் நான் சரின்னு சொல்லலை