படுக்கப் போகும் முன் முக்கால் மணி நேரம்

போன மூன்று மாதத்தில் என்னென்ன விளையாடினேன் என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். ஆரம்பித்தது ஒன்பது, முடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் இரண்டு மணி நேரத்தில் முடிகிற குட்டி கேம், வெளியில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வேலை முடித்து, பாத்திரம் கழுவி, எல்லாரும் படுத்த பிறகு எனக்கென்று மிஞ்சுவது முக்கால் மணி நேரம், அதுவும் வாரத்தில் மூன்று நாள் கிடைத்தால் பெரிது, அதிலும் பத்து நிமிடம் அப்டேட் இறங்குவதை வேடிக்கை பார்ப்பதிலேயே கழிந்துவிடும்.

2015-ல் வந்த விட்சர் 3 கேமை ஊரே விளையாடி மறந்த பிறகு இந்த வருடம்தான் தொட்டேன். இருபது மணி நேரம் வரை அருமையாகப் போனது. நடுவில் ஐந்து வாரம் கன்ட்ரோலரையே தொட முடியவில்லை. திரும்பத் திறந்தால் கதாநாயகன் கெரால்ட் ஏதோ சதுப்பு நிலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். யாரைத் தேடிப் போனோம், ஏன் தண்ணீரில் இறங்கினோம், ஒன்றும் ஞாபகம் இல்லை. லோடிங் திரையில் முன்கதையைச் சொல்கிறார்கள்தான், ஆனால் மறந்துபோனது கதை மட்டுமா, விரல்களும் மறந்துவிட்டன. நீர்ப்பேய்கள் இரண்டு எழுந்து வருகின்றன, சட்டென்று விலக வேண்டிய இடத்தில் பதற்றத்தில் எதை எதையோ அழுத்தி விசில் அடித்துக் குதிரையைக் கூப்பிட்டேன். பாவம், அது ஓடி வந்தது. வந்து, பேயைப் பார்த்து, அதுவும் மிரண்டது. நான் செத்தேன். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க எந்தப் பட்டன் எதற்கு என்று மெனுவில் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவுட்டர் வைல்ட்ஸ் என்ற விண்வெளி கேம் பக்கம் போனேன், அது எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. 22 நிமிடம் ஆனால் சூரியன் வெடிக்கும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பொருள் சேராது, லெவல் ஏறாது, நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும்தான் மிச்சம், அதையும் விண்கலத்தில் இருக்கிற பதிவேடு குறித்து வைத்துக்கொள்கிறது. பத்து நாள் கழித்துப் போனாலும் எங்கே என்ன பார்த்தோம் என்று வாசித்துவிட்டுக் கிளம்பலாம். ஒரு ராத்திரிக்கு இரண்டு சுற்று, கணக்கு சரியாக வருகிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: தானாக ஓட்டும் வசதியை நம்பி இருக்கையை விட்டு எழுந்துவிடாதீர்கள். நான் எழுந்து அந்தப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். போகிற வழியில் சூரியன் இருந்தது.

உங்கள் கதை எப்படி? மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பிப் போன கேம் எது?

*

குதிரை கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். எனக்கு மறதி பிரச்சினை இல்லை, எழுந்திரிக்க முடியாததுதான் பிரச்சினை. ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய கேமில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் 14 நிமிடம்தான், ஆனால் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். தூங்கி எழுந்தால் அடுத்த நாள் காலை, செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் எப்படி மூடுவது? ஊற்றினால் அந்த நாளையும் முடித்தாக வேண்டும். பாப்பா தூங்கிய நேரத்தில் "ஒரு நாள் மட்டும்" என்று உட்கார்ந்து நான்கு நாள் உழுதிருக்கிறேன்.

போன மாதம் நடந்தது இது. கேமில் கோடைக் காலத்தின் கடைசி நாள், அதாவது 28-ம் தேதி. மறுநாள் இலையுதிர் காலம் வந்துவிடும், வயலில் நிற்கிற ப்ளூபெர்ரி எல்லாம் காய்ந்து போகும். நான் விதைத்தது 3-ம் தேதி, 13 நாளில் காய்க்கும், அதற்குப் பிறகு நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு, ஆக நான்காவது பறிப்பு சரியாக அந்த 28-ல் விழுந்தது. ஆனால் அன்று காலையிலேயே மீன் பிடிக்கப் போய், அதிலேயே பொழுது கழிந்து, வயலுக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஓடி ஓடிப் பாதி கூடப் பறிக்கவில்லை, உள்ளே பாப்பா அழுகிறாள். மெனுவைத் திறந்து வைத்துவிட்டு ஓடினேன், அவளோடு நானும் தூங்கிவிட்டேன், லேப்டாப் சார்ஜ் இறங்கி அணைந்துபோனது. காலையில் வயிறு பகீர் என்றது. திறந்து பார்த்தால் சேவ் ஆகாததால் மறுபடி அதே 28, அதே காலை ஆறு மணி! இந்தத் தடவை தூண்டிலைத் தொடவே இல்லை. ஒரு காய் விடாமல் பறித்தேன். பாப்பாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

*

தம்பி, ஐம்பது வயதுக்காரன் அனுபவம் இது. போனில் தினமும் வந்தால் பரிசு தருகிற ஒரு கேமில் நூறு நாளுக்கு மேல் தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தேன், எண்ணிக்கை பூஜ்யம். அப்போதுதான் உறைத்தது, அந்த நூறு நாளில் ஒரு நாள் கூட நான் ஆசைப்பட்டுத் திறக்கவில்லை. அன்றே தூக்கிப் போட்டேன்.

இப்போது வேம்பயர் சர்வைவர்ஸ் கேம்தான். அடிக்கப் பட்டனே கிடையாது, ஆயுதம் தானாக அடிக்கும், நாம் நகர்ந்தால் போதும், 30 நிமிடம் ஆனால் எமன் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதோடு எழுந்து படுக்கப் போகலாம், இதை விட நல்ல அலாரம் எனக்கு அமையவில்லை. ஹேடிஸ் என்ற சண்டை கேமும் உண்டு. அதில் காட் மோட் என்று ஒன்று இருக்கிறது, முதலில் நமக்கு விழும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், 80 வரை போகும். முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. நான் எத்தனை சதவீதத்தில் நிற்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

*

ஐயா, கேட்கவில்லை, நானும் அதே கட்சிதான்.

நேற்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விட்சரைத் திறந்தேன். அதே சதுப்பு நிலம், அதே முழங்கால் தண்ணீர். இந்த முறை எளிதான நிலைக்கு இறக்கி வைத்தேன், இரண்டு பேயையும் முடித்தாயிற்று. யாரைத் தேடி வந்தேன் என்பது இன்னும் விளங்கவில்லை. மூடும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டிவி ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்: வட்டம், விலகு. சதுரம், வெட்டு. குதிரையைக் கூப்பிடாதே.