லிப் ஃபில்லர் போட்டவர்களே, உங்களுக்கு எத்தனை மாதம் நின்றது?

நிலாமுகில்

தோழிகளே, ஐந்து மாதத்துக்கு முன்னால் முதல் முறையாக உதட்டுக்கு ஃபில்லர், அதாவது உதட்டை எடுப்பாக்க ஊசியால் ஏற்றும் ஜெல், போட்டுக்கொண்டேன். ஹயலூரோனிக் அமில வகை, ஒரு மில்லி. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை நிற்கும் என்றார்கள். எனக்கோ இப்போதே வற்றிப்போன மாதிரி இருக்கிறது. மேலுதட்டின் நடு வளைவு அப்போது அவ்வளவு எடுப்பாக இருந்தது. இப்போது லிப்ஸ்டிக் தீட்டினால்தான் தெரிகிறது. போட்ட இடத்திலிருந்து "டச்-அப்புக்கு நேரமாகிவிட்டது" என்று, மறுபடி கொஞ்சம் நிரப்பிக்கொள்ளச் சொல்லி, இரண்டு முறை செய்தி வந்துவிட்டது. போகலாமா, பொறுக்கலாமா? உங்களுக்கு எவ்வளவு நாள் நின்றது, அதைக் காப்பாற்ற என்ன செய்தீர்கள்? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கயல்

நிலா, எனக்கு இதுவரை மூன்று முறை போட்டாயிற்று. முதல் தடவை எட்டு மாதம், அடுத்தது பதினொரு மாதம். மூன்றாவது போட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் தேவைப்படவில்லை.

முதல் முறை உன்னைப் போலத்தான் தவித்தேன். ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் உதடு நன்றாக வீங்கியிருக்கும், தெரியுமில்லையா? அந்த வீங்கிய உதட்டைத்தான் மனசு "இதுதான் என் புது உதடு" என்று பிடித்துக்கொண்டது. வீக்கம் முழுசாக அடங்க இரண்டு வாரம், சிலருக்கு நான்கு வாரம்கூட ஆகும். அடங்கியதும் போட்டதே போய்விட்டது என்று அழுதேன்.

அப்புறம் என் டாக்டர் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். அதை எல்லோரிடமும் சொல்கிறேன். போடுவதற்கு முன் ஒரு படம், போட்டு நான்காவது வாரம் ஒரு படம், பிறகு மாதம் ஒன்று. ஒரே ஜன்னல், ஒரே நேரம், லிப்ஸ்டிக் கூடாது, வாயைத் தளர்வாக மூடி, நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று. ஏழாவது மாதம் எல்லாம் கரைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போட்டதில் பாதி அப்படியே இருந்தது! கண்ணாடிக்குப் பழகிய கண் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

காப்பாற்றுவது பற்றிக் கேட்டாய். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாதம் ஓட்டப் பயிற்சியை நிறுத்திப் பார்த்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முதல் ஒன்றிரண்டு நாள் மட்டும் கடும் உடற்பயிற்சி, நீராவிக் குளியல், மது வேண்டாம். வீக்கமும் ரத்தக்கட்டும் கூடும் என்பதுதான் காரணம். வெயில் காப்பு உள்ள லிப் பாம் தடவுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன். உதட்டுத் தோல் வெடிக்காமல் நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கிற ஜெல்லின் ஆயுளை எந்த பாமும் நீட்டாது. அதைக் கரைப்பது நம் உடம்பிலேயே இருக்கிற நொதி. பேசுவது, சாப்பிடுவது என்று உதடு நாள் பூராவும் அசைந்துகொண்டே இருப்பதால், கன்னத்தில் போடுவதைவிட இங்கே சீக்கிரம் குறையும் என்று டாக்டர் சொன்னார்.

பனிமலர்

நிலாமுகில், செய்தி வந்தது என்பதற்காகப் போகாதே அம்மா. நான் போனவள், அதனால் சொல்கிறேன்.

முதலில் போட்ட இடத்தில் ஐந்து மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். நானும் தவறாமல் போனேன். ஒவ்வொரு முறையும் அரை மில்லி, முக்கால் மில்லி. "கொஞ்சமாவது இருக்கும்போதே நிரப்பினால்தான் வடிவம் நிற்கும்" என்று சொல்வார்கள், நானும் நம்பினேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு குடும்பப் படத்தில் என் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டுக் கோட்டுக்கு மேலே விரல் நுனி அகலத்துக்குத் தோல் தள்ளிக்கொண்டு, அதன் கீழே லேசாக மீசை அரும்பின மாதிரி ஒரு நிழல். உதடு பெரிதாகவில்லை, ஜெல் கோட்டைத் தாண்டி மேலே நகர்ந்திருந்தது. அங்கே போய்ச் சொன்னபோது, இன்னும் கொஞ்சம் போட்டு ஓரத்தைச் சரிசெய்யலாம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

வேறொரு தோல் மருத்துவர் உதட்டை உள்ளும் புறமும் விரலால் உருட்டிப் பார்த்தார். "உங்களுக்கு எதுவுமே தீரவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது" என்றார். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த சிலருக்குப் பல வருஷம் கழித்தும் முகத்தில் ஃபில்லர் தங்கியிருப்பது தெரிந்திருக்கிறது என்றும் சொன்னார். ஆறு மாதம், ஒரு வருஷம் என்பதெல்லாம் பார்வைக்கு எடுப்பாகத் தெரியும் காலம். உள்ளே ஒரு துளி மிச்சமில்லாமல் போய்விடுகிற கணக்கு அல்ல.

பிறகு ஹயலூரோனிடேஸ் என்ற, ஜெல்லைக் கரைக்கும் நொதியை ஊசியாகப் போட்டுக் கரைத்தோம். போடுவதற்கு முன், தேனீயோ குளவியோ கொட்டி எப்போதாவது ஒவ்வாமை வந்ததா என்று கேட்டார். அவற்றின் விஷத்திலும் இதே மாதிரி நொதி இருக்கிறதாம். ஃபில்லர் போட்டபோது இருந்ததைவிட அதிகமாக எரிந்தது. வீடு திரும்புவதற்குள் கட்டியாக இருந்த இடம் மெத்தென்று இளகிவிட்டது. மறுநாள் காலை உதடு சுருங்கித் தளர்ந்து, எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி இருந்தது. அந்த ஒரு வாரம் மிகவும் கஷ்டம், மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது தடவையும் கரைத்த பிறகுதான் அந்த நிழல் போனது. ஒன்றரை மாதம் சும்மா விட்டு, அப்புறம் அரை மில்லி மட்டும் போட்டேன். இப்போது பத்தாவது மாதம். நன்றாகவே இருக்கிறது.

தென்றல்

அவசரமாக ஒன்று. எனக்குப் போட்டு முடித்துச் சில நிமிஷத்திலேயே மேலுதட்டின் இடது பாதி சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது, அதோடு நல்ல வலி. மருத்துவர் நகத்தால் அழுத்திவிட்டு எண்ணினார். ரத்தம் திரும்ப ஓடி நிறம் வர நேரமானது. உடனே கரைக்கும் ஊசி போட்டார், மசாஜ் செய்தார், இரண்டு மணி நேரம் என்னை விடவில்லை. ரத்தக் குழாய் அடைபடுவதன் அறிகுறி அது. வெளுப்பு, வலை மாதிரி நீலத் திட்டு, கூடிக்கொண்டே போகும் வலி, இதில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எனவே எத்தனை மாதம் நிற்கும் என்று கேட்பதற்கு முன், கரைக்கும் மருந்து கையில் வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஃபில்லரை உள்ளே செலுத்தும் பேனா என்று விற்கிறார்களே, அதன் பக்கமே போகாதீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 அக்டோபரிலேயே அதை எச்சரித்துவிட்டது.

வேதா

நான் உங்கள் எல்லோருக்கும் மூத்தவள். எங்கள் காலத்தில் மாட்டுக் கொலாஜன்தான் போட்டார்கள். முதலில் கையில் சோதனை ஊசி போட்டு, ஒவ்வாமை வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து போட்டால் மூன்று, நான்கு மாதம் நிற்கும். இப்போதைய ஜெல் வகை அமெரிக்காவில் 2003 கடைசியில் முகச் சுருக்கத்துக்கு வந்தது. உதட்டைப் பெரிதாக்க என்று தனியாக அனுமதி கிடைத்தது 2011இல்தான். பிடிக்கவில்லை என்றால் கரைக்கலாம் என்பதே எனக்குப் பெரிய வரமாகத் தெரிகிறது. "வாழ்நாள் முழுக்க நிற்கும்" என்று யாராவது சிலிகான் ஊசி போட வந்தால் வேண்டவே வேண்டாம் கண்ணு. என் நெருங்கிய தோழி ஒருத்திக்கு வருஷங்கள் கழித்து அது கட்டி கட்டியாகி, அறுவை செய்தும் முழுதாக எடுக்க முடியவில்லை.

கயல்

வேதா அம்மா, இதை எழுதியதற்கு நன்றி. நிலா, விட்டுப்போன ஒன்று: உனக்கு வாயோரத்தில் ஹெர்பிஸ் கொப்புளம் வந்த வழக்கம் உண்டா? ஊசி குத்துவதே அதைக் கிளப்பிவிடும். எனக்கு இரண்டாவது முறை அப்படி வந்து பத்து நாள் வெளியே போகவில்லை. இப்போது முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தாலும் இரண்டு வாரம் முன்பின்னாக வைத்துக்கொள்.

நிலாமுகில்

எல்லோருக்கும் நன்றி. கயல் அக்கா சொன்னபடி இன்று காலை அதே ஜன்னலோரம் நின்று படம் எடுத்தேன். போடுவதற்கு முன் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீழுதடு, எனக்கு நினைவிருக்கிற வரை, கிட்டத்தட்ட முதல் மாதம் இருந்த அளவிலேயே இருக்கிறது. மேலுதட்டு வளைவு குறைந்திருக்கிறது, ஆனால் பழைய படத்தில் இருந்ததைவிட நன்றாகத் தெரிகிறது. நான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது அந்த வீங்கிய உதட்டைத்தான் போல. டச்-அப்பை இப்போதைக்கு வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டேன். எனக்கும் கொப்புளம் வரும், அதை அங்கே யாரும் கேட்கவே இல்லை. பனிமலர் அக்கா, உதட்டை உருட்டிப் பார்த்த உங்கள் மருத்துவரிடம் ஊசி இல்லாமல் சும்மா காட்ட மட்டும் போகலாமா?

பனிமலர்

தாராளமாகப் போகலாம். அந்தப் பழைய படத்தையும் கையோடு எடுத்துப் போ.