வீடியோ காலில் வில்லுப்பாட்டுப் பயிற்சி: குடமும் ‘ஆமா’வும் சேரவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

மலையோரம்:
வணக்கம். குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். தேங்காய்ப்பட்டணத்தில் என் தோழி ஒருத்தி கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதேபோல் வகுப்பு நடத்துகிறாள். இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரு வில்லுப்பாட்டு போட வேண்டும் என்று பிள்ளைகளே ஆசைப்பட்டார்கள். கதையும் அவர்கள் கட்டியதுதான். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் விழுகிற ஒரு மழைத்துளி கோதையாற்றோடு இறங்கி, குழித்துறை தாண்டி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலைப் பார்க்கிறது. மலைப் பாதி எங்களுக்கு, கடல் பாதி அவர்களுக்கு.

பள்ளி நாளில் பஸ் மாறி வந்து பழகிவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப முடியாது. அதனால் வீடியோ காலில் பழகுகிறோம். வில், குடம், உடுக்கு எங்களிடம். ஜால்ரா, கட்டை, பின்பாட்டுக்கு ஏழு பேர் அங்கே. போனை புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்திருக்கிறேன்.

நான் ஒரு வரி பாடி நிறுத்தினால் அங்கிருந்து ‘ஆமா’ வருவதற்குள் குடம் அடுத்த தட்டுக்குப் போய்விடுகிறது. துள்ளலாகத் தொடங்குகிற பாட்டு நாலு வரிக்குள் ஒப்பாரி மாதிரி இழுக்கிறது. குடத்தில் முதல் தட்டுதான் அவர்களுக்குக் கேட்கிறதாம், அப்புறம் ஒன்றுமே இல்லையாம். இரண்டு பக்கமும் சேர்ந்து பாடினால் ஒரு பக்கம் அறுந்துபோகிறது. “நீங்கதான் இழுக்கிறீங்க” என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். குடம் அடிக்கிற பிள்ளை நேற்று அழுதுவிட்டாள். நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

ஒலிப்பெட்டி:
அக்கா, முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், அவள் சரியாகத்தான் அடித்திருக்கிறாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் சரியாகத்தான் பாடியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் மற்றவர்தான் பிந்துவதாகக் கேட்கும். பிந்துகிறவருக்காக ஒருவர் காத்திருக்க, அவருக்காக மற்றவர் காத்திருக்க, பாட்டு தானாக இழுபடும்.

இது வேகப் பிரச்சினை இல்லை, தாமதப் பிரச்சினை. பெரிய ரீசார்ஜ் போட்டால் படம் தெளியலாம், தாளம் சேராது. காற்றில் சத்தம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். 10 மீட்டர் தள்ளி இருப்பவர் அடித்தது நம் காதுக்கு வர 29 மில்லிசெகண்ட். அதுவரை சேர்ந்து வாசிக்கலாம், அதைத் தாண்டினால் தடுமாறும். வீடியோ காலில் 200 மில்லிசெகண்ட் தாமதம் சாதாரணம். பிள்ளைகளை 70 மீட்டர் தள்ளி உட்காரவைத்தது மாதிரி. குலசேகரத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நேர்கோட்டில் 25 கிலோமீட்டர்கூட வராது, நெட் போகிற கண்ணாடி இழையில் அந்தத் தூரம் ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் உங்கள் குரல் எங்கோ இருக்கிற சர்வருக்குப் போய், சுருக்கி விரித்து, சேர்த்துவைத்து வருகிறது. நேரம் அங்கேதான் போகிறது.

புளூடூத் ஸ்பீக்கரை இன்றே கழற்றுங்கள். அது மட்டுமே 100 முதல் 200 மில்லிசெகண்ட் கூட்டும். வயர் போட்ட ஸ்பீக்கர் போதும். குடம் காணாமல் போவதற்குக் காரணம் இரைச்சல் குறைப்பு. பேச்சு அல்லாத சத்தத்தை ஆப் குப்பை என்று நினைத்து வெட்டுகிறது. ஜூமில் இசைக்காரர்களுக்கென்று ‘ஒரிஜினல் சவுண்ட்’ இருக்கிறது, அதைப் போட்டால் குடமும் உடுக்கும் கேட்கும். ஒரு பக்கம் அறுந்துபோவது எதிரொலித் தடுப்பால், ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்கில் ஏறாமல் ஆப் வெட்டுகிறது. இரண்டு பக்கமும் ஹெட்போன் போட்டால் அதையும் நிறுத்திவிடலாம்.

கீபோர்டு தம்பி:
ஜாமுலஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, தூரத்தில் இருந்து சேர்ந்து வாசிக்கவே எழுதியது. பார்த்தீர்களா?

ஒலிப்பெட்டி:
நல்லதுதான் தம்பி. ஆனால் இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர், வயர் வழி பிராட்பேண்ட், வயர் ஹெட்போன் வேண்டும். மொபைல் டேட்டாவில் தாமதம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் சலித்துப்போவார்கள்.

வில்லடி:
மகளே, நான் கோயில் கொடை விழாக்களில் வில்லடிக்குப் போனவன். போன் பற்றித் தெரியாது, பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். தாளத்தை இரண்டு ஊருக்குப் பிரிக்காதே. வில், குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை எல்லாம் ஒரே பாயில் இருக்க வேண்டும். குடக்காரன் வில்லை அடிக்கிற வீசுகோலைப் பார்த்துத்தான் தட்டுவான், காதை மட்டும் நம்பி இல்லை.

இன்னொன்று. வில்லுப்பாட்டு முழுவதும் பாட்டு இல்லையே. பாதி வசனம். வசனத்தில் தாளம் நிற்கும், ‘ஆமா’ அரை மூச்சு பிந்தினாலும் கேட்கிறவனுக்கு உறுத்தாது. துளியும் கடலும் பேசிக்கொள்கிற இடங்களையெல்லாம் போனில் நேருக்கு நேர் பழகட்டும். பாட்டு வருகிற இடத்தை வேறு விதமாகப் பார்.

மலையோரம்:
அண்ணாச்சி, இது எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி. தோழியிடம் சொல்லி ஜால்ராவையும் கட்டையையும் இங்கே வரவழைத்துவிட்டேன். இன்று வசனம் மட்டும் பழகினோம், ஒரு சண்டையும் இல்லை. பாட்டைத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டலாமா? என்னிடம் பழைய லேப்டாப் இருக்கிறது.

ஒலிப்பெட்டி:
ஒட்டலாம் அக்கா. ஆடாசிட்டி என்று பதிவுகளை வெட்டி ஒட்டுகிற மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

நீங்கள் முதலில் தாளத்தோடு முழுப் பாட்டையும் பதியுங்கள், பின்பாட்டு வருகிற இடத்தில் தாளம் மட்டும் ஓடட்டும். தொடக்கத்தில் கட்டையால் எட்டுத் தட்டு, முடிவில் ஒரு தட்டு. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போதுதான் தரம் குறையாது.

அங்கே ஒரு போனில் அதை ஓடவிட்டு, வயர் இயர்போனில் கேட்டுப் பாட, இன்னொரு போன் பதியட்டும். ஏழு பேருக்கும் இயர்போன் வேண்டாம். முன்னால் நிற்கிற இரண்டு பேர் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு பக்கமாக மாட்டிக்கொண்டு கையால் தாளம் காட்டினால் போதும். அவர்களில் ஒருவர் தன் பக்கத்து இயர்போனை, முதல் எட்டுத் தட்டு முடிகிறவரைக்கும், பதிகிற போனின் மைக்கோடு ஒட்டிவைத்துவிட்டு அப்புறம் காதில் மாட்டச் சொல்லுங்கள், கடைசித் தட்டுக்கும் கழற்றி அப்படியே வைக்கட்டும். இரண்டு பதிவிலும் ஒரே தட்டு விழுந்திருக்கும். ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தத் தட்டு முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். இரண்டு முள்ளையும் நேராக்கினால் வேலை முடிந்தது. கடைசித் தட்டும் நேராக விழுந்ததா என்று பாருங்கள். இரண்டு போன்களின் கடிகாரமும் இம்மியாவது விலகும், ஐந்து நிமிடப் பாட்டுக்கு அது பொருட்டில்லை.

மலையோரம்:
சேர்ந்துவிட்டது! முதல் தடவை அங்கே ஒரு பிள்ளை எட்டுத் தட்டுக்கு முன்பே இயர்போனைக் காதில் மாட்டிவிட்டான், திரும்பப் பதிந்தோம். நேற்று ஒட்டிப் போட்டுக் காட்டினேன். குடத்தின் மேலேயே ‘ஆமா’ வந்து உட்கார்ந்ததும் குடக்காரப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டாள். நாலு முறை போடச் சொன்னார்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவர்கள் பதிவில் பின்னால் அலைச் சத்தம் விடாமல் கேட்கிறது. எடுத்துவிடவா என்று இங்குள்ள பிள்ளைகளிடம் கேட்டேன். “துளி அங்கதானே போய்ச் சேருது அக்கா, இருக்கட்டும்” என்கிறார்கள். ஆனால் மலைக் காட்சியிலும் அது கேட்கிறதே?

ஒலிப்பெட்டி:
நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாதீர்கள், பின்பாட்டுக் குரலும் மங்கிவிடும். அவர்கள் டிராக்கில் யாரும் பாடாத இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சைலன்ஸ்’ கொடுங்கள், ஓரங்களில் மெல்ல ஏறி இறங்கும்படி ஃபேட் வைத்துவிடுங்கள். குழித்துறை தாண்டியதும் எதையும் வெட்டவேண்டாம், கடல் பாதி முழுவதும் அலை ஓடட்டும்.